கேளிக்கை மேடையை மறுத்த குரல்: காஸ்பல் பாடகி மஹலியா ஜாக்சனின் வாழ்க்கை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசையை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்ற பாடகி மஹலியா ஜாக்சன், 1972-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி சிகாகோவை ஒட்டிய மருத்துவமனை ஒன்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது 60. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இந்தியாவுக்கு வந்து, அன்றைய கல்கத்தா, டெல்லி, மதராஸ், பம்பாய் ஆகிய நான்கு நகரங்களிலும் பாடிச் சென்றிருந்தார்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவருக்கு இணையான குரல்வளம் கொண்ட பாடகியர் வேறு சிலரும் இருந்தனர். ஆனால் அவரைப் போல, தம் குரல் எங்கே ஒலிக்கலாம், எங்கே ஒலிக்கக் கூடாது என்பதில் வாழ்நாள் முழுவதும் ஒரே முடிவில் நின்றவர்கள் மிகச் சிலரே. இரவு விடுதிகளில் பாடுவதில்லை, ப்ளூஸ் பாடுவதில்லை, இறைவனைப் பாடும் பாடலைத் தவிர வேறெதையும் தொழிலாகக் கொள்வதில்லை என்பதே அந்த முடிவு. வறுமையில் உழன்ற காலத்திலும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பெரும் பொருள் தேடி வந்த காலத்திலும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்காக அவர் இழந்தவை பல. அந்த மறுப்பு அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடமோ, எந்தக் கேளிக்கை மேடையும் தந்திருக்க முடியாத இடம்.

ஆற்றங்கரைக் குடிசை

லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1911-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி மஹலியா பிறந்தார். மிசிசிப்பி ஆற்றின் கரையணையை ஒட்டிய ஏழை மக்களின் குடியிருப்பு அது. மூன்றே அறைகள் கொண்ட வீட்டில் பதின்மூன்று பேர் வாழ்ந்தனர். தாத்தாவும் பாட்டியும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை ஜானி ஜாக்சன் துறைமுகத்தில் சுமை தூக்கியும், மாலையில் முடி திருத்தியும் பிழைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் போதகராகவும் இருந்தார். கால்கள் வளைந்த நிலையில் பிறந்த மஹலியாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என மருத்துவர்கள் கூறியபோது குடும்பத்தார் மறுத்துவிட்டனர். கால்களை எண்ணெய் தேய்த்து நீவி விட்டு வளர்த்தார் தாய் சாரிட்டி.

அந்தத் தாயும் மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போதே இறந்தார். அதன்பின் மஹலியாவை வளர்த்தவர், குடும்பத்தில் டியூக் என்று அழைக்கப்பட்ட பெரியம்மா. கண்டிப்புக்குப் பெயர் போனவர். வீட்டில் ஒரு தூசி இருந்தாலும் அடி விழும் என்பதைப் பிற்காலத்தில் மஹலியாவே நினைவுகூர்ந்துள்ளார். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்பளவில் நின்றுபோயிற்று. பிறர் வீட்டுத் துணிகளைத் துவைப்பதும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும், அடுப்புக்கு ஆற்றங்கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளைப் பொறுக்கி வருவதுமே அவருடைய சிறு வயது வேலைகள்.

ஆனால் அந்தத் தெருவில் இசைக்குப் பஞ்சமே இல்லை. மஹலியாவின் குடும்பம் சேர்ந்திருந்த மவுண்ட் மோரியா பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடல்கள் நிதானமாகவும் முறையாகவும் பாடப்பட்டன. வீட்டுக்கு அருகிலேயே இருந்த மற்றொரு சிறு சபையிலோ, மத்தளமும் தாம்புரினும் முழங்க, மக்கள் எழுந்து நின்று கை தட்டி, கால் தரையில் அதிரப் பாடினார்கள். சிறுமி மஹலியா பாடியது முதல் தேவாலயத்தில். காது கொடுத்துக் கேட்டதோ இரண்டாவதை. மூன்றாவது ஊற்று ஒன்றும் இருந்தது. பெரியம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், உறவினரான அண்ணன் ஒருவர் வாங்கி வைத்திருந்த பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் இசைத்தட்டுகளை மஹலியா ரகசியமாகக் கேட்டார். மூச்சை எங்கே நிறுத்துவது, ஒரு சொல்லை எப்படி இழுத்து வளைப்பது என்பதை அவர் கற்றது அந்தத் தட்டுகளிலிருந்துதான். பிற்காலத்தில் ப்ளூஸை முற்றிலும் விலக்கியவரின் குரலுக்குள், அவர் மறுத்த அதே இசையே உயிர்மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் புரிந்துகொள்ள இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

சிகாகோவின் குளிர்

தெற்கு மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் கூலி வறுமையிலிருந்தும் தப்பி, லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பதினாறு வயது மஹலியாவும் அத்தையுடன் சிகாகோ ரயிலேறினார். செவிலியராக வேண்டும் என்பது கனவு. கிடைத்ததோ பணிப்பெண் வேலையும் சலவை வேலையும்தான். அந்நகரில் அவருக்கு வீடாக அமைந்தது கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் தேவாலயம். பாடகர் குழுவில் சேரக் குரல் சோதனைக்குப் போனவரை, முதல் நாளே தனிப்பாடல் பாடும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். போதகரின் மகன்களோடு சேர்ந்து ஜான்சன் பாடகர்கள் என்ற சிறு குழுவாக அவர் ஊர் ஊராகப் பாடத் தொடங்கினார்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. காஸ்பல் என்று இன்று அறியப்படும் இசை, 1930-களின் தொடக்கத்தில் கறுப்பின தேவாலயங்களிலேயே வரவேற்பு இல்லாத ஒன்று. வடக்கே வந்து சற்றே வசதி பெற்ற கறுப்பின நடுத்தர வகுப்பினர், ஐரோப்பியச் செவ்வியல் முறையில் அடக்கமாகப் பாடுவதையே மரியாதை என்று கருதினார்கள். கை தட்டுவதும், உடல் அசைத்துப் பாடுவதும், துக்கத்தில் குரல் உடைவதும் தாங்கள் விட்டு வந்த தெற்குக் கிராமங்களை நினைவூட்டின. அதற்கு முந்தைய அடிமைக் காலத்தையும் நினைவூட்டின. மஹலியா பாடியதோ அப்படித்தான். ஒரு முறை போதகர் ஒருவர் பிரசங்க மேடையிலிருந்தே அவருடைய பாட்டைக் கண்டித்தார். கை தட்டி ஆண்டவரைத் துதிக்கச் சொல்லும் சங்கீத வசனத்தைச் சுட்டிக்காட்டி மஹலியா அங்கேயே பதில் கூறினார். பல பெரிய தேவாலயங்கள் அவருக்குக் கதவடைத்தன. கடைமுகப்புகளில் நடந்த ஏழைகளின் சிறு சபைகள்தாம் அவரை ஏற்றுக்கொண்டன.

1932-இல், முறையாகக் குரல் பயிற்சி பெற வேண்டும் என்ற ஆசையில், பேராசிரியர் ஒருவரிடம் நான்கு டாலர் கட்டணம் செலுத்திப் போனார். அன்று அது பல நாள் உழைப்பின் கூலி. கத்துவதை நிறுத்தும்படியும், வெள்ளையருக்குப் புரியும் விதத்தில் பாடக் கற்றுக்கொள்ளும்படியும் அந்தப் பேராசிரியர் அறிவுறுத்தினார். மஹலியா திரும்பி வந்துவிட்டார். அதுவே அவர் வாழ்நாளில் பெற்ற முதல் இசைப் பாடம். கடைசிப் பாடமும் அதுவே.

அவரை அவராகவே ஏற்றுக்கொண்டவர் தாமஸ் டார்சி. காஸ்பல் இசையின் தந்தை என்று இன்று போற்றப்படும் டார்சி, ஒரு காலத்தில் மா ரெய்னி என்ற புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். 1932-இல் பிரசவத்தில் மனைவியையும், அடுத்து பச்சிளங்குழந்தையையும் பறிகொடுத்த துயரத்தில் அவர் எழுதிய 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்' என்ற பாடல் பின்னாளில் உலகம் முழுவதும் பரவியது. தம் பாடல்களை அச்சிட்டுத் தாள் தாளாக விற்று வந்த டார்சிக்கு, அவற்றைப் பாடிக் காட்ட ஒரு குரல் தேவைப்பட்டது. தெரு முனைகளில் நின்று மஹலியா பாட, டார்சி பாடல் தாள்களை விற்றார். இருவரும் பல ஆண்டுகள் இணைந்து நாடெங்கும் பயணம் செய்தனர்.

கணவரின் கோரிக்கையும் ஒரு நேர்த்திக்கடனும்

1936-இல் மஹலியா, ஐசக் ஹாக்கன்ஹல் என்பவரை மணந்தார். வேதியியல் படித்த பட்டதாரி. நிறத்தின் காரணமாகப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் அஞ்சல் ஊழியராகப் பணியாற்றியவர். மனைவியின் குரலின் மதிப்பை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அது தேவாலயங்களில் வீணாகிறது என்பதே அவருடைய ஓயாத குறை. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய நாட்களில், அரசு ஆதரவு பெற்ற நாடகக் குழு ஒன்று 'தி ஸ்விங் மிகாடோ' என்ற இசை நாடகத்துக்குப் பாடகியரைத் தேடியது. கணவரின் வற்புறுத்தலால் மஹலியா அழுதுகொண்டே சோதனைக்குச் சென்றார், தேர்வும் பெற்றார். வாரம் 60 டாலர் ஊதியம். அதற்குள் கணவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதை அறிந்ததும், அந்த வாய்ப்பை உடனே மறுத்துவிட்டார். குதிரைப் பந்தயப் பழக்கமும் பணத் தகராறும் சேர, சில ஆண்டுகளில் அந்த மண வாழ்க்கை முறிந்தது. இருவரும் பகைவராகப் பிரியவில்லை.

அந்த ஆண்டுகளில் மஹலியா செய்த நேர்த்திக்கடன் ஒன்றும் அவருடைய தன்வரலாற்றில் பதிவாகியுள்ளது. தெற்கிலிருந்து சிகாகோவுக்கு வந்திருந்த தாத்தாவைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்தி அனுப்பினார். கடும் வெயிலில் போன முதியவர் மயங்கி விழுந்தார். தன் பிடிவாதமே காரணம் என்று கலங்கிய மஹலியா, தாத்தா பிழைத்தால் இனித் திரையரங்குக்குள் அடியெடுத்து வைப்பதில்லை என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டார். தாத்தா பிழைத்தார். நேர்த்தியின் தன்மையை நம் நாட்டு வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1937-இல் டெக்கா நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டுகளை வெளியிட்டது. விற்பனை இல்லை. ப்ளூஸ் பாடினால் தொடரலாம் என்றது நிறுவனம். அவர் மறுத்தார், ஒப்பந்தம் அத்துடன் முடிந்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவருக்கு இசைத்தட்டு வாய்ப்பே இல்லை. அழகு நிலையம் ஒன்றையும் பூக்கடை ஒன்றையும் நடத்தினார். இறந்தவரின் சவ அடக்கத்தில் அவரே பாடுவார், மலர் வளையமும் அவர் கடையிலிருந்தே போகும் என்று சிகாகோவில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். கணக்கில் அவர் வல்லவர் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இருபது லட்சம் தட்டுகள்

1946-இல் நியூயார்க்கின் அப்போலோ என்ற சிறு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. முதல் தட்டுகள் எடுபடவில்லை. நிறுவனம் கைவிட இருந்த நிலையில், 1947 செப்டம்பரில் 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' என்ற பாடலை அவர் பதிவு செய்தார். மெம்ஃபிஸ் நகரப் போதகர் ஹெர்பர்ட் புரூஸ்டர் எழுதிய பாடல் அது. மேலும் மேலும் உயரச் செல்வதைப் பற்றியது. மேலுலகைப் பாடுவதாகவே தோன்றும். ஆனால் கறுப்பின மக்கள் இவ்வுலகிலேயே கல்வியிலும் தொழிலிலும் உயர வேண்டும் என்ற எண்ணத்துடனேயே தாம் அதை எழுதியதாகப் புரூஸ்டர் பின்னர் விளக்கினார். கேட்ட மக்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. தட்டின் இரு பக்கங்களையும் நிறைத்த அந்தப் பாடல் ஏறத்தாழ இருபது லட்சம் பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. காஸ்பல் இசையில் அதுவரை யாரும் கண்டிராத எண்ணிக்கை.

சிகாகோ வானொலியில் ஸ்டட்ஸ் டெர்கல் என்ற ஒலிபரப்பாளர் அவருடைய தட்டுகளைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்து, வெள்ளையரிடையே அவரை அறிமுகப்படுத்தினார். 1950 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் மஹலியா பாடினார். செவ்வியல் இசையின் கோயிலாகக் கருதப்படும் அந்த அரங்கில், கை தட்டலும் கண்ணீருமாக மக்கள் இருக்கைகளை விட்டு எழுந்தனர். 1952-இல் ஐரோப்பியப் பயணம். பிரான்ஸில் இசைத்தட்டுக்கான விருது. டென்மார்க்கில் அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாடல் ஒலிபரப்பானதும் ஆயிரக்கணக்கில் குவிந்த கோரிக்கைகள். அந்தப் பயணத்தின் நடுவிலேயே உடல் நலம் குன்றி அவர் நாடு திரும்ப நேர்ந்தது. பின்னர் அவரை வாழ்நாள் முழுவதும் துன்புறுத்திய சார்காய்டோசிஸ் நோயின் தொடக்கம் அது.

1954-இல் கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தமும், சிபிஎஸ் வானொலியில் சொந்த நிகழ்ச்சியும் அமைந்தன. கறுப்பினப் பாடகி ஒருவர் நடத்தும் நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரதாரர் எவரும் முன்வரவில்லை. தெற்கு மாநிலங்களில் தங்கள் பொருள்கள் விற்பனையாகாது என்று அஞ்சினார்கள். நிகழ்ச்சி சில மாதங்களிலேயே நின்றது. கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் வேட்டையாடப்பட்ட காலமும் அதுவே. அந்நிகழ்ச்சியின் எழுத்தாளரான டெர்கல் விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று நிறுவன அதிகாரி ஒருவர் கேட்டபோது, டெர்கல் இல்லையெனில் தாமும் இல்லை என்று மஹலியா கூறிவிட்டதாகவும், அதிகாரி பின்வாங்கியதாகவும் டெர்கலே பலமுறை கூறியிருக்கிறார்.

புகழ் வந்த பிறகு மறுப்பின் விலை ஏறியது. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் தம் குழுவில் பாட அழைத்தார். லாஸ் வேகஸ் விடுதிகள் பல்லாயிரம் டாலர் தர முன்வந்தன. அனைத்தையும் அவர் மறுத்தார். மது பரிமாறப்படும் இடத்தில் இறைவன் பாடலைப் பாட இயலாது என்பது ஒரு காரணம். மற்றொன்று சற்று ஆழமானது: ப்ளூஸ் பாடி முடித்த பிறகும் துயரம் அப்படியே இருக்கும், காஸ்பல் பாடி முடித்தால் ஏதோ ஒரு நம்பிக்கை மிஞ்சும் என்பது அவர் எண்ணம். ப்ளூஸை நேசிப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் ஏழ்மையின் நடுவே வளர்ந்த ஒரு பெண் எதைப் பற்றிக்கொண்டு எழுந்தார் என்பதை அது காட்டுகிறது. ஜாஸ் விழாக்களை மட்டும் அவர் ஏற்றார். 1958 நியூபோர்ட் விழாவில் நள்ளிரவில் அவர் பாடிய காட்சியுடன்தான் 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற ஆவணப்படம் நிறைவடைகிறது. அதே ஆண்டில் டியூக் எலிங்டனுடன் இணைந்து 'பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்' இசைத்தொகுப்பில் பாடினார்.

காரில் உறக்கம், சன்னலில் துப்பாக்கிக் குண்டு

கார்னகி அரங்கு எழுந்து நின்று வணங்கிய பாடகிக்கு, தெற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் உணவகமோ தங்கும் விடுதியோ இடம் தரவில்லை. அதனாலேயே அவர் மிகப் பெரிய கடிலாக் காரை வாங்கினார். உணவை அதிலேயே எடுத்துச் சென்றார். இரவில் அதிலேயே உறங்கினார். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களிடம் பலமுறை ஏமாந்தவர் என்பதால், மேடையேறும் முன்பே ஊதியத்தை ரொக்கமாகக் கேட்டுப் பெற்றார். அதை உடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பயணம் செய்தார். பணத்தில் கறாரானவர் என்று பெயர் எடுத்தார். அந்தக் கறார் சில நேரம் நியாயத்தைத் தாண்டியதும் உண்டு. பியானோவில் அவருடைய மூச்சையே அறிந்து பின்தொடர்ந்த மில்ட்ரட் ஃபால்ஸ், தகுதிக்கேற்ற ஊதியம் பெறவில்லை என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். இருவரும் இறுதியில் மனக்கசப்புடன் பிரிந்தனர். மஹலியாவின் பெருமையைப் பேசுகிற எவரும் அந்தப் பியானோவை மறந்துவிட முடியாது.

1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த சாத்தம் பகுதியில் அவர் ஒரு செங்கல் வீட்டை வாங்கினார். அக்கம்பக்கத்தில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. மிரட்டல் அழைப்புகள் வந்தன. குடியேறிய சில நாட்களில் சன்னல்களைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. மாதக்கணக்கில் காவலர்கள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. புகழ்பெற்ற ஒளிபரப்பாளர் எட்வர்ட் மரோ அந்த வீட்டிலேயே அவரை நேர்கண்டு தேசியத் தொலைக்காட்சியில் காட்டினார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அவர் வீட்டுக்குள் அழைத்துப் பலகாரம் கொடுத்தார். ஆனால் அந்தத் தெருவிலிருந்து வெள்ளையர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின.

நடந்தவர்களுக்காகப் பாடியவர்

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் ஓராண்டுக்கும் மேலாகப் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குச் சென்றனர். இளம் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய அப்போராட்டத்துக்கு நிதி திரட்டப் பாட வருமாறு மஹலியாவை அழைத்தனர். ஊதியம் எவ்வளவு என்று கேட்டபோது, நடந்து போகும் மக்களிடம் தாம் காசு வாங்குவதில்லை என்றார் அவர். ரொக்கம் கைக்கு வராமல் மேடையேறாத பாடகி சொன்ன பதில் இது. 1956 டிசம்பரில் மாண்ட்கோமரியில் பாடிய அவர், கிங்கின் தோழரான ரால்ஃப் அபர்நாதியின் வீட்டில் தங்கினார். அடுத்த மாதமே அந்த வீட்டில் குண்டு வெடித்தது.

அதன்பின் கிங் எங்கே அழைத்தாலும் மஹலியா சென்றார். மனம் தளர்ந்த இரவுகளில் கிங் அவரைத் தொலைபேசியில் அழைப்பார். மறுமுனையில் மஹலியா பாடுவார். காந்தியின் வழியை அறிய 1959-இல் இந்தியா வந்து சென்ற கிங், அகிம்சைப் போராட்டத்தின் முறையை இங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்றால், அந்தப் போராட்டத்துக்கான இசையைக் கறுப்பின தேவாலயத்திலிருந்தே எடுத்தார். சிறைக்குப் போகவும் அடி வாங்கவும் மக்களைத் திரட்டிய கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலயங்களிலேயே நடந்தன. அங்கே பேச்சுக்கு முன்னும் பின்னும் பாட்டுத்தான்.

1963 ஆகஸ்ட் 28. வேலைக்கும் விடுதலைக்குமான பேரணியில் வாஷிங்டனின் லிங்கன் நினைவிடம் முன்பு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் திரண்டிருந்தனர். மஹலியா முதலில் பாடியது, இகழப்பட்டும் ஏளனம் செய்யப்பட்டும் வந்த கதையைச் சொல்லும், அடிமைக் காலத்துப் பழம்பாடல். அடுத்து 'ஹவ் ஐ காட் ஓவர்'. கூட்டம் ஒரு பெரும் தேவாலயமாக மாறியது. சிறிது நேரத்தில் கிங் பேச எழுந்தார். எழுதி வைத்த உரையைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த உரையில் கனவைப் பற்றிய பகுதி இல்லை. அதற்கு முன் டெட்ராய்ட் போன்ற இடங்களில் அவர் அதைப் பேசியிருந்தார். மேடையில் பின்னால் அமர்ந்திருந்த மஹலியா, அந்தக் கனவைப் பற்றி மக்களுக்குச் சொல்லும்படி உரத்த குரலில் கேட்டார். தேவாலயத்தில் போதகர் பேசும்போது சபையிலிருந்து எழும் குரல் போன்றது அது. கிங் தாள்களை ஒதுக்கி வைத்ததைத் தாம் பார்த்ததாக உரையைத் தயாரிக்க உதவிய கிளாரன்ஸ் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு எழுந்த சொற்களே இன்று உலகம் நினைவில் வைத்திருப்பவை.

கிங் அந்தக் குரலைக் கேட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அந்தக் கணத்தில் அந்தப் பகுதியைப் பேச வேண்டும் என்று தமக்குத் தோன்றியது என்று மட்டுமே கிங் பின்னர் கூறினார். எனினும், மேடையில் பேச்சாளருக்குப் பின்னால் அமர்ந்து அப்படிக் குரல் கொடுக்கும் உரிமை அன்று அவருக்கு இருந்தது. அந்தப் பேரணியின் பேச்சாளர் பட்டியலில் பெண்களுக்கு மிகக் குறைந்த இடமே தரப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்ஃபிஸ் நகர விடுதியின் மாடத்தில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலைக் கூட்டத்தில் 'ப்ரெஷஸ் லார்ட்' பாடலை வாசிக்குமாறு, சுடப்படுவதற்குச் சற்று முன்புதான் இசைக் கலைஞர் ஒருவரிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியையும் குழந்தையையும் இழந்து டார்சி எழுதிய அதே பாடல். ஏப்ரல் 9-ஆம் தேதி அட்லாண்டாவில் நடந்த இறுதிச் சடங்கில் அதை மஹலியா பாடினார்.

இறுதி ஆண்டுகள்

கிங்கின் மறைவுக்கு முன்பே அவருடைய உடலும் மனமும் தளர்ந்திருந்தன. 1964-இல் இதயக் கோளாறால் பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். அதே ஆண்டில் சாக்ஸஃபோன் கலைஞர் ஒருவருடன் நடந்த இரண்டாவது திருமணம் மூன்றே ஆண்டுகளில் மணமுறிவில் முடிந்தது. நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டார். வசதியற்ற மாணவர்களின் கல்விக்காகத் தம் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்.

1971-இல் மீண்டும் புறப்பட்டார். முதலில் ஜப்பான், அங்கே அரச குடும்பத்தினர் முன்னிலையில் பாடினார். அடுத்து, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவுடன் இந்தியா. நான்கு நகரங்களிலும் நுழைவுச்சீட்டுகள் இரண்டு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. டெல்லி நிகழ்ச்சிக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்திருந்தார். அதைவிடச் சிறந்த குரலைத் தாம் இனிக் கேட்கப் போவதில்லை என்று பாராட்டினார். அந்த ஆண்டிலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் நிகழ்ச்சிக்கிடையே நோய்வாய்ப்பட்டு நாடு திரும்பினார். அதன்பின் அவர் மேடை ஏறவில்லை.

இதய நோயும் நீரிழிவும் முற்றி அவர் மறைந்தபோது, சிகாகோவின் கிரேட்டர் சேலம் தேவாலயத்தில் அஞ்சலி செலுத்த ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் உறைபனிக் குளிரில் வரிசையில் நின்றனர். மறுநாள் நடந்த இரங்கல் நிகழ்ச்சியில் 'ப்ரெஷஸ் லார்ட்' பாடலைப் பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். சிறுமியாக டெட்ராய்ட்டில் தம் தந்தையின் தேவாலயத்தில் வளர்ந்த நாளிலிருந்தே மஹலியாவைக் கேட்டு வளர்ந்தவர் அவர். மஹலியா மறுத்த கேளிக்கை இசை உலகத்துக்குள் சென்று அதன் அரசியாக ஆனவரும் அவரே.

பின்னர் உடல் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே மேலும் அறுபதாயிரம் பேர் வந்தனர். இறுதி ஊர்வலம், ஆற்றங்கரைச் சிறுமி முதன்முதலில் பாடிய மவுண்ட் மோரியா தேவாலயத்தின் வழியே சென்றது. வாசலில் வைக்கப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளில் அவருடைய பதிவுகள் ஒலித்துக்கொண்டிருந்தன. நகருக்கு வெளியே மெட்டாரியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.